பொதுநோக்கு மண்டபத்துச் சீமெந்து நிலத்தில ஜூடோ: கீழ என்ன போடலாம்?

குளக்கட்டு (கிளிநொச்சி) · 11 மே

எல்லாருக்கும் வணக்கம்.

எங்கட சனசமூக நிலையத்துக்குப் பின்னால ஒரு பொதுநோக்கு மண்டபம் கிடக்கு. 40 அடி நீளம், 25 அடி அகலம், தகரக் கூரை, சீமெந்து நிலம். கிழமையில மூண்டு பின்னேரம் அதில பிள்ளையளுக்கு ஜூடோ பழக்கிறன். இப்ப 26 பேர் வருகினம், பெட்டையள்தான் கூட. விரிக்க இருக்கிறது ஒண்டோட ஒண்டு கொளுவுற சதுரத் தகடுகள், 2 சென்ரிமீற்றர் தடிப்பு. முன்பள்ளிக்கு வாங்கி மிஞ்சினதைத் தந்தவை. A, B, C போட்டிருக்கிற சாமான் எண்டு சொன்னா விளங்கும். சரி, அ, ஆ, இ எண்டு வையுங்கோவன்.

போன மாதம் 12 வயசுப் பிள்ளை ஒண்டு தோளால விழுந்து காறை எலும்பு வெடிச்சுப் போச்சு. விழுந்த விதத்திலயும் பிழை இருந்தது, மறைக்கேல்ல. ஆனா விழேக்க கேட்ட சத்தம் விரிப்பின்ர சத்தம் இல்லை, அடியில கிடக்கிற சீமெந்தின்ர சத்தம். தாய் வந்து ஒரு வார்த்தை ஏசேல்ல. "சேர், திரும்ப எப்ப விடலாம்?" எண்டுதான் கேட்டவ. ஏசியிருந்தா எனக்குச் சுகமா இருந்திருக்கும்.

பழைய ஓட்டோ ரயரை அடுக்கி, மேல பிளைவூட் அடிச்சு, அதுக்கு மேல விரிப்பைப் போட்டா நிலம் இளகிக் கொடுக்கும் எண்டு ஒருத்தர் சொன்னார். ஆராவது செய்து பாத்தனீங்களோ? ரெண்டு விசயத்தை முதலே சொல்லிப்போடுறன். 2018 டிசம்பர் வெள்ளத்தில மண்டபத்துக்குள்ள முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ தண்ணி நிண்டது. மற்றது கறையான். கதவு நிலையையே ரெண்டு தரம் மாத்தியாச்சு.

கொழும்பில போய் வாங்குங்கோ எண்டு மட்டும் ஒருத்தரும் எழுதாதேங்கோ.

மாங்குளம் சந்தி · 11 மே

ரயர் எண்டா நான் தாறன் அண்ணை. கராஜுக்குப் பின்னால மலையாக் கிடக்கு. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து ரெண்டு தரம் எச்சரிச்சிட்டுப் போட்டார். வந்து அள்ளிக்கொண்டு போங்கோ, புண்ணியமாப் போகும்.

சிலம்பன் (முல்லைத்தீவு) · 12 மே

நான் சொல்லுறன் எண்டு கோவிக்காதேங்கோ தம்பி. எங்கட ஆக்கள் எந்தக் காலத்தில பிளைவூட் அடிச்சுப் பழகினவை? மல்லுக்கட்டுறவனுக்குக் கோதா இருந்தது, மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கி அதில இறங்கினவன். மலையாள நாட்டில களரிக் கூடத்தை 42 அடிக்கு 21 அடி நிலத்துக்குள்ள தோண்டி, அடிச்சு இறுக்கின மண்ணில இண்டைக்கும் பழகினம். எனக்கு 61 வயசு. வெறும் தரையில கம்பு சுத்தித்தான் இந்த முழங்கால் இவ்வளவு காலம் நிக்குது. மண்டபத்துக்கு வெளியில ஒரு பரப்பைக் கொத்தி ஆத்து மணல் போட்டா முடிஞ்சுது.

குளக்கட்டு · 12 மே

ஐயா, கோவம் ஒண்டும் இல்லை. சிலம்பத்தில ஆள் நிண்டு ஆடுறார், விழுறேல்ல. எங்கட பிள்ளை ஒரு பின்னேரத்தில 60, 70 தரம் விழும். மணல் விழுறதுக்கு நல்லதுதான். ஆனா எறியிற பிள்ளை ஒற்றைக் காலில நிண்டு குதிக்காலைச் சுழட்டோணும். மணலுக்குள்ள காற்பெருவிரல் புதைஞ்சுதோ, முழங்கால் திரும்பும், பாதம் திரும்பாது. கார்த்திகை மழையில அந்தக் கிடங்கு என்னவாகும் எண்டதையும் யோசியுங்கோ.

சிலம்பன் · 12 மே

குளமாகும். ஒத்துக்கொள்ளுறன்.

கணக்கு ரீச்சர் · 13 மே

குளக்கட்டுத் தம்பிக்கு,

முதலில் நிலத்திடம் என்ன கேட்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இடுப்பு உயரம், அதாவது 80 சென்ரிமீற்றரிலிருந்து ஒரு பிள்ளை விழுகிறது என்று வையுங்கள். விழுந்து நிற்கும்போது நிலம் 1 சென்ரிமீற்றர்தான் இறங்குகிறது என்றால், அந்தக் கணத்தில் உடலில் ஏறும் சராசரி விசை அதன் எடையைப்போல 81 மடங்கு. அதே பிள்ளை அதே உயரத்திலிருந்து விழ, நிலம் 4 சென்ரிமீற்றர் இறங்கினால் 21 மடங்கு. தசையும் கொழுப்பும் தாமே கொஞ்சம் அமுங்குவதால் உண்மையான எண்கள் இதைவிடக் குறையும். ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதத்தைப் பாருங்கள். மூன்று சென்ரிமீற்றருக்காகத்தான் இவ்வளவு பாடும்.

அந்த இறக்கம் எங்கே நடக்கவேண்டும் என்பது அடுத்த கேள்வி. மேலே விரிப்பில் முழுவதையும் கேட்டால் அது மெத்தையாகிவிடும், கால் புதையும். நீங்கள் ஐயாவுக்கு மணலைப் பற்றிச் சொன்னது மெத்தைக்கும் பொருந்தும்.

ஹம் கோவிலடியான் (யேர்மனி) · 13 மே

ரீச்சர் சொன்னதைத்தான் இஞ்ச ரெண்டா பிரிச்சிருக்கினம். ஒண்டு, கால் பட்ட இடம் மட்டும் அமுங்குற நிலம். மற்றது, கால் பட்ட இடத்தைச் சுத்தி ஒரு பெரிய பரப்பே சேர்ந்து இறங்குற நிலம். மரப்பலகைக்குக் கீழ மெத்துக் கட்டை வைச்சுச் செய்யிற துள்ளு நிலம் ரெண்டாவது வகை. ஐரோப்பாவில உள்ளரங்க விளையாட்டு நிலத்துக்கு இ.என். 14904 எண்டு ஒரு தரம் இருக்கு. கொங்கிறீற்றோட ஒப்பிடேக்க நிலம் ஆகக் குறைஞ்சது 25 வீதம் அடியை உறிஞ்சோணும், 75 வீதத்துக்கு மேல உறிஞ்சக்கூடாது எண்டு அதில போட்டிருக்கு. மேல் எல்லையும் வைச்சிருக்கினம் எண்டதைக் கவனியுங்கோ. கூடினாலும் பிழைதான்.

நான் 14 வருசம் இஞ்ச ஒரு கழகத்தில ஜூடோ செய்யிறன். எங்கட விரிப்பு ஒண்டு 2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 4 சென்ரிமீற்றர் தடிப்பு. உள்ளுக்க இருக்கிறது போம் வெட்டுத்துண்டுகளை ஒட்டி அழுத்தின கெட்டிச் சாமான், கனமீற்றருக்கு 230 கிலோ அளவில வரும். படுக்கிற மெத்தைப் போம் 20, 30 கிலோதான். அதால ஒரு விரிப்பைத் தூக்க 18 கிலோ கனக்கும். விரலால குத்தினா இறுக்கமா இருக்கும், விழுந்தா வாங்கும். அதுக்குக் கீழதான் துள்ளு நிலம். ரோக்கியோவில ஜூடோவின்ர தலைமையகம் கொடோக்கான், அதின்ர தலைமைக் கூடத்தில 420 விரிப்பு விரிச்சிருக்கு, நிலத்துக்கு அடியில சுருள்வில்லு.

ஜூடோவை உருவாக்கின ஜிகோரோ கானோ முந்தி 1882இல தொடங்கினது ஒரு கோயில்ல, 12 பாய் அளவு அறை. அவ்வளவுதான். பிள்ளைக்கு இடம் சின்னன் எண்டு கவலைப்படாதேங்கோ.

வயல்வெளி (ஒட்டுசுட்டான்) · 14 மே

ஜப்பான்காரன்ர பாய்க்குள்ள வைக்கோல்தானே? எங்களிட்டை இல்லாத வைக்கோலோ! அறுவடை முடிய எரிக்கிறம். ரெண்டு லோட் பறிச்சு விடவோ?

ஹம் கோவிலடியான் · 14 மே

வைக்கோல்தான் அண்ணை, சரியாச் சொன்னியள். ஆனா அதை அஞ்சு, ஆறு சென்ரிமீற்றருக்கு அழுத்தி அழுத்தித் தைச்சு, மேல கோரை மாதிரி ஒரு புல்லில பின்னின பாயை மூடினவை. சும்மா பரப்பின வைக்கோல் ஒரு மாதத்தில உமியாகும்.

மாங்குளம் சந்தி · 14 மே

எலிக்கு நல்ல கலியாண மண்டபம்.

வார்ட் அக்கா (வவுனியா) · 15 மே

நான் எலும்பு முறிவு வார்ட்டில வேலை செய்யிறன், ஒரு விசயம் சொல்லவேணும். விளையாடி விழுந்து வாற பிள்ளையளில நாங்கள் கூடக் காணுறது கையை ஊண்டி விழுந்த மணிக்கட்டும், முழங்கையும், காறை எலும்பும். நிலம் நல்லா இருந்தா தோளால நேர விழுற அடியைக் குறைக்கலாம். கையை ஊண்டுற பழக்கத்தை நிலம் மாத்தாது. இன்னும் சொன்னா, மெத்து நிலம் எண்ட நம்பிக்கையில பிள்ளை கூடத் துணிஞ்சு ஊண்டும்.

தலையைப் பற்றியும் நினையுங்கோ. ஜப்பான் பள்ளிக்கூடங்களில 1983 தொடக்கம் முப்பது வருசத்துக்குள்ள ஜூடோவில நூறு பிள்ளையளுக்கு மேல செத்திருக்கினம், பெரும்பாலும் தலை அடியால. அங்க விரிப்பு இல்லாமலோ? தலை நிலத்தில படாமலே, வேகமாச் சுழண்டு நிக்கிற இழுவையில மூளைக்கு மேல இருக்கிற நாளம் கிழியலாம். பழகத் தொடங்கி முதல் வருசப் பிள்ளையை, பின்னால காலை வாரிற எறி எறிய விடாதேங்கோ. தலையிடி எண்டு சொன்ன பிள்ளையை அண்டைக்கே நிப்பாட்டுங்கோ. பலகைக்குச் சேர்க்கிற காசைப்போல இதுக்கும் ஒரு கவனம் வேணும்.

குளக்கட்டு · 15 மே

அக்கா, இதை அச்சடிச்சு மண்டபத்தில ஒட்டுறன். முதல் மூண்டு மாதம் விழப் பழகிறது மட்டும்தான் எண்டு வைச்சிருந்தனான். போட்டி வருது எண்டு நானே அதை ஒண்டரை மாதமாக் குறைச்சனான். காறை எலும்பு வெடிச்ச பிள்ளை அந்த ஒண்டரை மாதத்துப் பிள்ளை.

பழைய ஓடாவி (பரந்தன்) · 17 மே

கதை நல்லாப் போகுது, ஆனா பலகையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. ஒரு தடிச்ச பலகையை விட ரெண்டு மெல்லிசுப் பலகை நல்லது. 12 மில்லிமீற்றர் பிளைவூட் ரெண்டு அடுக்கு. ஒண்டு தன்ர பாட்டில வளையும், மற்றது பொருத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும்.

மண்டபம் 25 அடி அகலம் எண்டியள். நிலத்தை 24க்கு 24 போடுங்கோ, சுவரில முட்டக்கூடாது. முட்டினா கொடுக்காது, ஈரமும் சுவரால இறங்கும். 8க்கு 4 பலகை ஒரு அடுக்குக்கு 18, ரெண்டுக்கும் 36. இனித்தான் சூட்சுமம். கீழடுக்கை நீட்டுப்பாட்டுக்குப் போட்டா ஒரு பக்கம் 8, 16 அடியில பொருத்து வரும், மற்றப் பக்கம் 4, 8, 12, 16, 20இல வரும். மேலடுக்கைக் குறுக்காத் திருப்பிப் போட்டாச் சரி எண்டு கனபேர் நினைக்கினம். திருப்பினாலும் 8உம் 16உம் ரெண்டு பக்கத்திலயும் ஒண்டுக்கு மேல ஒண்டு வந்து நிக்கும். அந்தக் கோட்டில மடிஞ்சு கொடுக்கும், ஒரு நாள் பிள்ளையின்ர விரலைக் கடிக்கும்.

மேலடுக்கை 2 அடித் துண்டில தொடங்குங்கோ. நீளப்பக்கம் 2, 8, 8, 6. அகலப்பக்கம் முதல் 2, பிறகு முழு 4 அடி ஐஞ்சு, கடைசியா 2. எண்ணிப் பாருங்கோ, ஒரு பொருத்தும் மற்றதுக்கு மேல வராது. வெட்டின துண்டு மற்றத் தொங்கலுக்குப் பாவிபடும், அப்பவும் 18தான் முடியும்.

ஆணி அடிக்காதேங்கோ. ஸ்குரூ ஆணி, முக்கால் இஞ்சி. ரெண்டு பலகையும் சேர்ந்து 24 மில்லிமீற்றர். ஒரு இஞ்சி ஆணி போட்டா முனை கீழ வெளிக்கிடும். தலையைப் பலகைக்குள்ள புதைச்சு விடோணும்.

குளக்கட்டு · 17 மே

ஐயா, கறையானுக்குக் கழிவு ஒயில் பூசலாமோ? இஞ்ச எல்லாரும் அதைத்தான் பூசினம்.

பழைய ஓடாவி · 18 மே

வேலிக் கட்டைக்குப் பூசு. பிள்ளையள் முகம் வைச்சுப் படுக்கிற இடத்துக்குப் பூசாதை. தகரக் கூரைக்குக் கீழ பங்குனி வெயிலுக்கு மணமே தலையைச் சுத்தும், நெருப்புக்கும் பயம். சீமெந்தில தடிச்ச கறுப்புப் பொலித்தீனை விரி, சுவரில ஆறு இஞ்சி ஏத்தி விடு. பலகை எங்கயும் மண்ணையோ சுவரையோ தொடாமல் இருந்தா கறையான் வாற வழி கண்ணுக்குத் தெரியும். தெரிஞ்சாத் தட்டி விடலாம். தெரியாமல் வாறதுதான் தின்னும்.

குளக்கட்டு · 9 யூன்

ரயர் சோதனை முடிஞ்சுது. விபரம்:

மாங்குளத்தால 16 ஓட்டோ ரயர் வந்தது. 4.00-8 அளவு, படுக்க வைச்சா நாலு இஞ்சி உயரம். ரெண்டு அடிக்கு ஒண்டா வைச்சு, எட்டு அடிச் சதுரத்துக்கு ரெண்டு அடுக்குப் பலகை போட்டம். 24 அடிக்கும் இப்பிடியே போனா 144 ரயர் வேணும்.

அளக்கிற வழி ரீச்சர் சொன்னது. முதல்ல அவ தன்ர போனை மண் மூட்டைக்குள்ள வைச்சுப் போட்டுப் பாத்தவ. எங்க போட்டாலும் 78 எண்டு ஒரே எண்தான் காட்டிச்சுது. சீமெந்தில போட்டாலும் 78, மெத்தையில போட்டாலும் 78. நாங்கள் கண்டுபிடிச்சிட்டம் எண்டு கொஞ்ச நேரம் சந்தோசப்பட்டது உண்மை.

கணக்கு ரீச்சர் · 9 யூன்

போனிலுள்ள முடுக்கம் அளக்கும் உணரி புவியீர்ப்பின் 8 மடங்கு வரைதான் அளக்கும். அதற்கு மேல் எவ்வளவு போனாலும் அதே எண்ணில் நின்றுவிடும். 8ஐ 9.8ஆல் பெருக்கிப் பார்த்திருந்தால் மூட்டை தூக்கும் முன்பே தெரிந்திருக்கும். மாணவர்களுக்குச் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

குளக்கட்டு · 9 யூன்

பிறகு சிலம்பன் ஐயாவின்ர மண்தான் கைகொடுத்தது. குளத்துக் களியைக் குழைச்சுக் கூம்பு கூம்பாப் பிடிச்சு, பலகைக்குக் கீழ தொடுறமாதிரி வைச்சம். உரபாக்கில 30 கிலோ மண் கட்டி, இடுப்பு உயரத்தில இருந்து போட்டம். பலகை எவ்வளவு இறங்கிச்சுதோ அவ்வளவுக்குக் களி சப்பழிஞ்சிருக்கும். எடுத்து அடிமட்டத்தால அளக்கிறதுதான்.

ரயருக்கு நேர மேல போட்டா 5 மில்லிமீற்றர். ரெண்டு ரயருக்கு நடுவில போட்டா 31. ஒரு எட்டு வைச்சாக் கல்லு, அடுத்த எட்டு ஊஞ்சல். ஆள் நடக்கேக்க முழுப் பலகையும் பக்கவாட்டில வள்ளம் மாதிரி ஆடுது. ரயரும் ஒரே அளவெண்டு பேர்தான், தேய்ஞ்சதும் தேயாததுமா அரை இஞ்சி வித்தியாசம். பறை அடிச்ச மாதிரிச் சத்தம், பக்கத்து வீட்டு ஆச்சி ஆள் அனுப்பிப்போட்டா.

ரெண்டு கிழமை அப்பிடியே விட்டுப் பிறகு கிளப்பினால், ஒரு ரயருக்குள்ள பாம்புச் செட்டை. சாரையாம். சாரையெண்டே வைப்பம்.

மாங்குளம் சந்தி · 10 யூன்

அப்ப மிச்ச ரயர்?

வார்ட் அக்கா · 10 யூன்

தம்பி, நுளம்பு பெருகிறதைத் தடுக்க 2007இல வந்த 11ஆம் இலக்கச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. எச்சரிக்கையோட நிப்பாட்டியிருக்கிறார் எண்டா அந்தப் பி.எச்.ஐ. நல்ல மனுசன். மழைக்கு முன்னம் ரயரில நாலு நாலு ஓட்டை துளைச்சு விடும்.

ஹம் கோவிலடியான் · 10 யூன்

ரயர் நிலத்தில நல்லாப் பழகிற கழகங்களும் இருக்கு, முழுக்கப் பிழை எண்டு சொல்லேலாது. அவை கார் ரயரை நெருக்கமா அடுக்கினம், ஒரே அளவாத் தெரிஞ்செடுக்கினம், பலகையும் தடிப்பு. நீங்கள் இடைவெளியை ஒரு அடியாக் குறைச்சு, ரயருக்குப் பதிலா சின்னக் கட்டை வையுங்கோ. நாலு இஞ்சிச் சதுரம், ரெண்டு இஞ்சி உயரம். துள்ளு நிலம் செய்யிறவை பொதுவா வைக்கிறது அந்த மாதிரிக் கட்டைதான். உயரம் குறைய ஆட்டமும் குறையும், பாம்புக்கும் இடம் காணாது.

குளக்கட்டு · 11 யூன்

அந்தக் கட்டையை எதில வெட்டுறது?

வயல்வெளி · 11 யூன்

வைக்கோலில எண்டு சொல்ல மாட்டன். தும்பு மெத்தை?

பழைய ஓடாவி · 11 யூன்

தும்பு அமுங்கினா அமுங்கினதுதான், திரும்பி எழும்பாது. ஈரத்தை வேற குடிக்கும்.

ஒன்பதாம் வட்டாரம் (புதுக்குடியிருப்பு) · 12 யூன்

இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தன். எனக்குச் செருப்புத் தைக்கிற வேலை. ரப்பர் செருப்பு வெட்டுற தகடு இருக்கே, 18 மில்லிமீற்றர் தடிப்பில வரும். செருப்பு வெட்டினாப்பிறகு இடைக்கிடை மிஞ்சிற துண்டு மூட்டை மூட்டையாக் கிடக்கும், எடைக்குத் தருவினம். நாலு இஞ்சிச் சதுரம் அதுக்குள்ள தாராளமா வெட்டலாம். மூண்டை ஒட்டினா 54 மில்லிமீற்றர். ஒருத்தன் அஞ்சாறு மாதம் நடந்தாலும் குதி அமுங்காத சாமான். நல்லதைப் பாத்தெடுக்கோணும், விரலால அமத்தி விட்டால் உடன எழும்புறதுதான் நல்லது. பள்ளம் நிண்டால் அது பழசு அல்லது கலப்பு.

கணக்கு ரீச்சர் · 12 யூன்

ஒரு அடிக்கு ஒன்று என்றால் 24 × 24 = 576 கட்டை. மூன்று தகடு வீதம் 1,728 துண்டு. ஒரு பலகைக்குக் கீழே 32 கட்டை, விளிம்பிலிருந்து ஆறு இஞ்சி தள்ளித் தொடங்கினால் எல்லாம் சமனாக அமையும்.

குளக்கட்டு · 12 யூன்

தம்பி, பெயர் தெரியாது, ஆனா உமக்கு ஒரு கும்பிடு.

நெறியாளர் · 13 யூன்

எந்தக் கம்பனிச் செருப்பு நல்லது எண்டு இதுக்குக் கீழ தொடங்கின 19 பதிவுகளையும் வேற இழைக்கு மாத்தியிருக்கு. அங்க சண்டை பிடியுங்கோ.

குளக்கட்டு · 28 யூலை

கன நாளா வரேல்ல. வேலை நடந்தது.

எட்டு அடிச் சதுரத்துக்கு முதல்ல 64 கட்டை வைச்சுப் பாத்தம். களிமண் கணக்கு: கட்டைக்கு நேர மேல 9 மில்லிமீற்றர், நடுவில 14. ரயரோட பாக்கேக்க இறக்கம் குறைவு மாதிரித் தெரியும். ஆனா எங்க விழுந்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அதுக்கு மேல விரிப்பும் தன்ர பங்குக்கு அமுங்கும். மூட்டை விழுந்து ஒருக்காத் துள்ளி அடங்குது, ரெண்டாந்தரம் துள்ளேல்ல. நான் போய் விழுந்து பாத்தன். 43 வயசில ஒரு நாளில 40 தரம் விழுந்து அடுத்த நாள் விடிய எழும்பிப் பல்லுத் தீட்டினன் எண்டா நிலம் நல்லம்தான்.

கட்டையளைக் கீழ் பலகையின்ர அடிப்பக்கத்தில ஒட்டியாச்சு. பெற்றோர் வந்து மூண்டு ஞாயிறு இருந்து ஒட்டினவை. தாய்மார் ஒட்டினது ஒண்டும் கோணேல்ல, தகப்பன்மார் ஒட்டினதில கொஞ்சம் திரும்ப ஒட்ட வேண்டி வந்தது. ஓடாவி ஐயா பரந்தனில இருந்து சைக்கிளில வந்து, ஒரு சதமும் வாங்காமல் பொருத்துப் பிடிச்சுத் தந்தவர். ஆனா தேத்தண்ணிக்குச் சீனி காணாது எண்டு ரெண்டு தரம் ஏச்சு வாங்கினம்.

விரிப்புத்தான் பெரிய சிக்கலா இருந்தது. ஹம் தம்பியின்ர கழகம் விரிப்பு மாத்தேக்க பழசு 24 முழு விரிப்பும் ஒரு அரை விரிப்பும் தந்தவை. 7 மீற்றர் சதுரத்துக்கு அளந்த மாதிரி. 24 அடி எண்டா 7.3 மீற்றர், சுத்திவர அரை அடி விளிம்பு மிஞ்சும். அதில பலகைச் சட்டம் அடிச்சு விரிப்பை இறுக்கியாச்சு, இனி விலகி இடைவெளி வராது. கப்பல், துறைமுகம், கடிதம் எல்லாம் தனி இழை எழுதலாம், எழுத மாட்டன்.

ஹம் கோவிலடியான் · 28 யூலை

அந்த அரை விரிப்பில ஒரு மூலையில கிறுக்கல் இருக்கும். அது என்ர மகன்ர வேலை. அழிக்காதேங்கோ.

பழைய ஓடாவி · 29 யூலை

மேலடுக்குப் பலகையின்ர அடியில ஒவ்வொண்டுக்கும் இலக்கம் எழுதச் சொன்னனான், எழுதினியோ? வெள்ளம் வாற இரவில எது எங்க எண்டு தேடேலாது.

குளக்கட்டு · 29 யூலை

எழுதியாச்சு ஐயா. வடக்குப் பக்கம் வ1, வ2 எண்டு தொடங்கி.

சிலம்பன் · 4 ஓகஸ்ட்

நேற்றுப் போய்ப் பாத்திட்டு வந்தன். நிலத்தில ஏறி நிண்டு ஒரு நாலு வீடு (சிலம்ப அடிவைப்பு) கட்டினன். காலுக்கு நல்லாத்தான் இருக்கு. கம்பு விளிம்புச் சட்டத்தில பட்டு ஒரு சின்னக் காயம், மன்னிக்கோணும்.

வார்ட் அக்கா · 4 ஓகஸ்ட்

யாருக்குக் காயம்?

சிலம்பன் · 4 ஓகஸ்ட்

சட்டத்துக்குப் பிள்ளை.

குளக்கட்டு · 2 டிசம்பர்

ஓடாவி ஐயா கேட்ட அந்த இரவு போன கிழமை வந்தது.

பின்னேரம் நாலு மணிக்கு மழை விடாதெண்டு தெரிஞ்ச உடன பிள்ளையளின்ர தகப்பன்மார் பதினொரு பேர் வந்தினம். 24 விரிப்பையும் முதல் மேடையில ஏத்தினம், அரை மணித்தியாலம். பிறகு ஸ்குரூ கழட்டத் தொடங்கினம். மின்சாரம் போச்சுது, இருந்த ஒரு கழட்டுற மெசினும் சார்ஜ் இறங்கிச்சுது, கையாலதான். மேலடுக்கு 18உம், கீழடுக்கில 11உம் மேடைக்குப் போட்டுது. மிச்சம் ஏழு பலகை கிடக்கேக்க தண்ணி வாசல்ப்படி ஏறிச்சுது. அதுகளைக் கயிறு போட்டு யன்னல் கம்பியில கட்டி விட்டம், மிதக்கட்டும் எண்டு. மிதந்தது. கீழ 32 செருப்புக் கட்டை ஒட்டின பலகை தெப்பம் மாதிரி மிதக்கும் எண்டு ரீச்சருக்கும் தெரிஞ்சிருக்காது.

விடியப் பாத்தா ஒரு சாண் தண்ணி. ஏழில அஞ்சு பலகை பறவாயில்லை. மற்ற ரெண்டு பலகையும் ஓரம் ஊதி அடுக்கு விட்டுப்போச்சு. கட்டை நாப்பதளவில கழண்டு மண்டபம் முழுக்க மிதந்தது, பிள்ளையள் பொறுக்கித் தந்தினம்.

காறை எலும்பு வெடிச்ச பிள்ளைதான் கூடப் பொறுக்கினது. செப்ரெம்பரில இருந்து வருது. இன்னும் விழ மட்டும்தான் விடுறன், கோவம் தாங்கேலாது.

ஒன்பதாம் வட்டாரம் · 2 டிசம்பர்

கழண்ட கட்டையில பசை பலகைப் பக்கம் நிக்குதோ, கட்டைப் பக்கம் நிக்குதோ பாருங்கோ அண்ணை. பலகையில நிண்டா, கட்டையை ஒட்ட முதல் உப்புத்தாள் போட்டுச் சுரண்டாமல் விட்டிருக்கிறியள். தகட்டின்ர மேல்தோல் வழுக்கல், பசை பிடிக்காது. சுரண்டி, ரெண்டு பக்கமும் பூசி, பத்து நிமிசம் காய விட்டு அமத்துங்கோ.

குளக்கட்டு · 3 டிசம்பர்

பலகையிலதான் நிக்குது. தகப்பன்மார் ஒட்டினது எண்டு நினைக்கிறன்.

நிலம் காய்ஞ்ச உடன திரும்பப் பூட்டுறம், தைப்பொங்கலுக்கு முன்னம் முடியோணும். பழைய ஸ்குரூ ஆணியில 200 அளவு துருப்பிடிச்சுத் தலை தேய்ஞ்சு போச்சு. துருப்பிடிக்காத முக்கால் இஞ்சி ஆணி சில்லறையா எங்க எடுக்கலாம் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. ரெண்டு பலகையும் வேணும்.

மாங்குளம் சந்தி · 3 டிசம்பர்

ஆணி நான் பாத்து எடுத்துத் தாறன் அண்ணை. ரயரைத்தான் இன்னும் ஒருத்தரும் எடுக்கேல்ல.